பாலியில் ஒரு அருவிக்கரை

ஓசூரில் மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன் நான். லீவு கிடைத்தாலும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. போன வருடம் மனைவியும் நானும் பாலித் தீவுக்குப் போனோம். காலையில் ஒரு கடற்கரை, அடுத்து ஒரு அருவி, மறுபடி இன்னொரு கடற்கரை என்று அவளை இழுத்துக்கொண்டே திரிந்தேன். எங்கேயும் கொஞ்ச நேரம் நிற்க விடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு அருவியடியில் அவள் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கிளம்பு, இன்னொரு பீச் பாக்கி இருக்குது" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல."

கோபத்தில் வாடகைக் காரேறித் தனியாகவே போனேன். கடல் நீலமாகக் கிடந்தது. பக்கத்தில் காட்டிப் பேச ஆளில்லை. நாலைந்து போட்டோ எடுத்தேன். அவளை ஊர் தெரியாத இடத்தில் விட்டுவிட்டோமே என்று பதைப்பு வந்ததும் திரும்பிவிட்டேன்.

வந்து பார்த்தால், அனந்தப்பூரிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பத்தோடு அவள் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓசூர் பக்கம் எல்லையோர ஊரான பேரிகையில் பிறந்தவளுக்குத் தெலுங்கு சரளமாக வரும். தலை சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. கையில் அவர்கள் கொடுத்த முறுக்கு.

"கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நேத்துப் பாத்த மாதிரியேதான்."

"அப்ப இங்க உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டேன். சில்லென்று இருந்தது. சற்று நேரத்தில் மணி பார்க்கப் போனை எடுத்தேன். அவள் பேச்சை நிறுத்தாமலே அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.