ரயில் அடித்த மணி

பொம்மை ரயிலுக்குச் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் நான் நாள் முழுக்கப் பேசுவேன். யாரும் கேட்பதில்லை. அதனால் நானாகவே பேசிவிடுவேன். எனக்குக் குரலும் பெரியது. வேங்கிக்கால் வீட்டில் நான் போன் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள்.

என் ரயில் முதலில் ஊமை. பின்னறையில் ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு, அதன்மேல் தண்டவாளம் ஒட்டியிருந்தேன். அழகாகத்தான் சுற்றி வரும். ஆனால் சத்தமில்லாத ரயில் உப்பில்லாத உப்புமா. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது சத்தம் போடும் நீராவி எஞ்சின் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரிமோட்டில் விசிலுக்கு ஒரு பட்டன், மணிக்கு ஒரு பட்டன். அவர்கள் ஊரில் எஞ்சினிலேயே மணி கட்டி, ஸ்டேஷனுக்குள் வரும்போது அடிப்பார்களாம். முதல் நாள் அது புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு, சுக் சுக் என்று நகர்ந்தபோது கூச்சல் போட்டுக் குதித்தேன். இருபத்தொன்பது வயதில்.

கஷ்டமும் உண்டு. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஒரு ரூபாய்க் காசு அளவுதான், சத்தம் வீடெல்லாம் கேட்கும். அரைமணி நேரத்தில் தலை வலிக்கும். அதைவிட மோசம், அம்மா குக்கர் விசிலை எண்ணித்தான் சமைப்பாள். நான் இரண்டு விசில் அடித்தால் அவள் அடுப்பை அணைத்துவிடுவாள். ஒரு வாரம் வேகாத பருப்பைத் தின்ற அப்பா, "ஒண்ணு ரயில் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார். "கல்யாணம் ஆகிப் போறப்ப எடுத்துட்டுப் போறேன்" என்றேன். அன்றிலிருந்து அப்பா மும்முரமாக மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். "எத்தன பொண்ணப் பாத்தாலும் இவன் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று அவருடைய அம்மா சலித்துக்கொண்டார். நான் காபி கொடுத்தபோது மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"அந்த ரூம்ல இருக்கறது ரயிலுங்களா? பாக்கலாங்களா?"

அவ்வளவுதான், நான் அவுட். ரிமோட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர் பின்னால் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. கூடத்தில் நான் தரையில் நின்றேனா, ஃபேனில் தொங்கினேனா என்று எனக்கே தெரியாது. இந்த இடம் தவறிவிடக் கூடாதே என்று மட்டும் இருந்தது.

அவருடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜாதகம் பொருந்துது. பொண்ணு குரல்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார். "சரி, இந்த எடத்தையே முடிச்சுடலாம்னு..."

டாங், டாங், டாங்.

"ஆஹா, புள்ளையார் கோயில் மணி!" கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்ல பேச்சு நடக்கும்போது மணி அடித்தால், எங்கள் ஊரில் அதற்குமேல் அப்பீல் கிடையாது. அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். மூன்றரை மணிக்கு எந்தப் பிள்ளையார் கோயில் திறந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது எந்த மணி என்று எனக்கு மட்டும் தெரியும். பேசாமல் இருந்தால் கல்யாணம் நிச்சயம். சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் கல்யாணமானால் ரயிலும் என்னோடு வருமே. முதல் மணியிலேயே குட்டு உடைந்துவிடும். தவிர, வாயை மூடிக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை.

"அத்தை, அது கோயில் மணி இல்லீங்க. ரயில் மணி."

அத்தை என்று வேறு வந்து தொலைத்தது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஒரு வாரப் பருப்பும் இருந்தது.

"அப்ப அடிச்சது யாரு?" என்றார் அவருடைய அம்மா.

"உங்க பையன்தாங்க."

அவர் மகனைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார். மாப்பிள்ளை ரிமோட்டும் கையுமாக வந்து நின்றார். "விசில்னு நெனச்சு அமுக்கிட்டேம்மா."

"புடிச்சிருக்காடா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு. சத்தந்தான் கொஞ்சம் ஜாஸ்தி. கம்மி பண்ணிக்கலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்த சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டிருக்கும். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, நான் ரயிலச் சொன்னேன்!"

"நான் பொண்ணக் கேட்டேன்டா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த அம்மாவும் சிரித்தார்.

மாப்பிள்ளை அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "புடிச்சிருக்கும்மா. ஆனா அவங்களுக்கு என்னப் புடிச்சிருக்கானு இங்க யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லைதான். இப்போது எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்குச் சத்தமே வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.