அப்பா எடுத்த ஓட்டப்பந்தயம்

நான் ஓடுவதை அம்மா பார்த்ததே இல்லை. காவேரியில் தண்ணீர் வற்றி மணல் தெரிகிற மாதங்களில், விடிந்தும் விடியாததுமாகப் போய் ஓடிவிட்டு வருவேன். அந்த நேரத்தில் அவள் கோயில் வாசல் கடைக்குக் கொடுக்க வேண்டிய பூவைக் கட்டிக்கொண்டிருப்பாள். நான் திரும்பி வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "மணலைத் தட்டிட்டு உள்ள வா" என்பாள். என் ஓட்டத்தில் அவள் அறிந்தது அந்த மணல் மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்துவிட்டேன். அந்த வருஷத்து ஸ்போர்ட்ஸ் டேதான் எனக்குக் கடைசி என்பதால் அம்மா எப்படியும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அதற்குப் பதினெட்டு நாள் முன்னால் என் தங்கை பிறந்தாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டித் திருச்சிக்கு வர முடியுமா? அம்மா குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் போட்டாள்.

அப்பாதான் சொன்னார்: "நான் போயி படம் புடிச்சிட்டு வரேன். நீ படுத்துக்கிட்டே பாரு."

"படம்னா நிக்கிறதுதானே. இவன் நிக்கிறதத்தான் தெனமும் பாக்குறேனே."

"ஓடுறதத்தான் புடிப்பேன்."

"ஆமா, இவரு புடிப்பாரு" என்று அம்மா குழந்தையிடம் சொன்னாள். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும், "கேட்டீங்களா?" என்று அப்பாவை விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வெங்காய மண்டி முதலாளியிடம் ஒரு பெட்டிக் கேமரா உண்டு. அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதைக் கேட்க நானும் கூடப் போனேன்.

"ஒடைச்சிட்டேன்னா?" என்றார் முதலாளி.

"மொதலாளி, கண்ணாடி வளையல் பெட்டியே தூக்கியிருக்கேன் நான்."

"அதுல எத்தனை வளையல் ஒடைஞ்சுதுன்னும் எனக்குத் தெரியும்யா." சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்து வந்து காட்டினார். ஒரு படம் எடுத்ததும் பக்கத்திலுள்ள திருகைத் திருக வேண்டும், பின்னால் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வந்து நிற்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்த சுருளில் நாலு படத்துக்குத்தான் இடம் மீதி. "சாயங்காலம் கடை சாத்துறதுக்குள்ள என் கைக்கு வந்துரணும்."

மூட்டைக்குக் கீழே தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொள்ளும் துண்டில் அந்தப் பெட்டியைச் சுற்றி, அப்பா அதை மார்போடு அணைத்துக்கொண்டார். தங்கையைக்கூட அப்படித் தூக்கி நான் பார்த்ததில்லை.

மைதானத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெற்றோர்கள் நின்றார்கள். ஏழெட்டுப் பேர் கையில் கேமரா இருந்தது. வக்கீல் ஒருவருடையது விரித்தால் துருத்தி மாதிரி நீளும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் அமர்த்தியிருந்த ஸ்டூடியோக்காரர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முக்காலி, கறுப்புத் துணி, பெரிய கேமரா. அவருக்கு அன்றைக்குப் பெற்றோர்களோடுதான் பந்தயம்.

"சார், கொஞ்சம் பின்னால போங்க. என் படத்துல உங்க குடை வருது."

"எம் பையன் சார் அது."

"எல்லாமே யாராவது ஒருத்தர் பையன்தான் சார். பின்னால போங்க."

அவருடைய கேமராவில் ஓட்டம் பிடிபடாது. அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று பேரை மறுபடி கோட்டுக்குக் கூட்டி வருவார். ஒரு காலை முன்னால் வைத்து, முழங்கையை மடக்கி, ஓடுகிற மாதிரி நிற்கச் சொல்வார். "மூச்சு விடாத. நில்லு. அப்படியே நில்லு." பிறகு துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். மூச்சிரைக்க ஓடி வந்த பையன்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு பொம்மை மாதிரி நிற்பார்கள். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த முன் வருஷத்துப் படங்களெல்லாம் இப்படி எடுத்தவைதான்.

அப்பா காலையிலிருந்து அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்தவன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதானே மார்க்கெட்டில் வழக்கம். ஓட்டப் படம் எடுப்பது எப்படி என்பது தனக்குப் புரிந்துவிட்டதாக அவர் முடிவு செய்துகொண்டது எனக்குத் தெரியாது.

எனக்கு இரண்டு பந்தயம். முதலில் நானூற்று நாற்பது கஜம், அதாவது மைதானத்தை ஒரு சுற்று. பிற்பகலில் ஒரு மைல், நாலு சுற்று. முதல் பந்தயத்தில்தான் எனக்கு நம்பிக்கை. விசில் ஊதியதும் கிளம்பினேன். எதிர்ப்பக்கத்தில் போகும்போது எனக்கு முன்னால் ஒருவன்தான் இருந்தான். கடைசி வளைவில் அவனை எட்டிவிடலாம் என்று தெரிந்தது. மணலில் ஓடிய காலுக்கு அந்தத் தரை ஒன்றுமே இல்லை.

அந்த வளைவில் அப்பா நின்றிருந்தார்.

"தம்பி, நில்லு."

நான் நின்றுவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குள் போவேன். மூட்டைகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தை கேட்டால் நிற்க வேண்டும். ஏன் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பின்னால் வருகிற வண்டிச் சக்கரம் காலில் ஏறிவிடும். அப்படிப் பழகிய கால். தலை யோசிப்பதற்கு முன்னால் அது நின்றது.

"ஓடுற மாதிரி நில்லு" என்றார் அப்பா, குனிந்து பெட்டியைப் பார்த்தபடி.

நான் ஓடுகிற மாதிரிகூட நிற்கவில்லை. கொடியேற்றத்துக்கு நிற்பது போல விறைத்து நின்றேன். டக்கென்று விசை விழுகிற சத்தம் கேட்டது. என் இரண்டு பக்கமும் பையன்கள் காற்றாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"போ போ, ஆயிருச்சு" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன்.

டிரில் மாஸ்டர் பிரம்போடு வந்தார். "ஏன்டா நின்ன?"

"அப்பா நிக்கச் சொன்னாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார், வளைவில் நின்ற அப்பாவைப் பார்த்தார், பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனார். பையன்கள் அப்படி விடவில்லை. "டேய், உங்கப்பா சொன்னா மூச்சையும் நிறுத்திருவியா?" என்றான் ஒருவன். "மைல்ல உக்காரச் சொல்லப் போறாருடா, பாய் எடுத்துக்கிட்டுப் போ" என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். உள்ளுக்குள்ளே, அப்பா இங்கே வராமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

கயிற்றோரம் போனபோது ஸ்டூடியோக்காரர் அப்பாவிடம் வந்து நின்றிருந்தார்.

"அண்ணே, நான் நிக்க வைக்கிறது பந்தயம் முடிஞ்சதுக்கப்புறம்."

"முடிஞ்சப்புறம் நிக்கிறதையா ஓடுறதுன்னு காட்டுறீங்க?" அப்பா உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஸ்டூடியோக்காரருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என் பெட்டியில வேற வழி இல்லண்ணே."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்டுல இவங்கம்மா படுத்துக்கிடக்கா. ஓடுறதக் கொண்டுவந்து காட்டுறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நிக்கிறதுதான் அவ தெனமும் பாக்குறாளே." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "கத்தக் கூடாத எடத்துல கத்திட்டேன் தம்பி" என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "இன்னும் மைல் இருக்குப்பா" என்றேன்.

ஸ்டூடியோக்காரர் அப்பாவின் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். நான் புஸ்தகத்துல பாத்ததுதான், செஞ்சு பாத்ததில்ல. என் கேமராவுக்குக் காலு மூணு, அது நகராது. உங்களது கையில இருக்கு. பையன் வர்றப்ப அவன் கூடவே நீங்களும் இடுப்போட திரும்புங்க. நேரா வந்ததும் விசையத் தட்டுங்க. தட்டுனப்புறமும் திரும்பிக்கிட்டே இருங்க. ஆனா பெட்டி மேலயும் கீழயும் ஆடக் கூடாது."

"திரும்பணும். ஆடக் கூடாது."

"அதான்ணே கஷ்டம்."

"இதுல என்னங்க கஷ்டம்? தலையில மூட்டைய வச்சுக்கிட்டு சந்துல திரும்புறது அப்படித்தானே."

"குனிஞ்சு அந்தச் சின்னக் கண்ணாடியில பாக்காதீங்க. அதுல வலது இடதாத் தெரியும், கொழப்பிரும். பையனையே பாருங்க."

"சந்துல நான் மூட்டையவா பாக்குறேன்?"

வக்கீல் தன் இடத்தை விட்டு நகர்ந்து, "இங்க வந்து நில்லுங்க, வெயில் உங்க முதுகுல விழும்" என்றார்.

சுருளில் மூன்று படம் பாக்கி. சுற்று நாலு. முதல் சுற்றில் எடுக்காமல் வெறுமனே திரும்பிப் பழகிக்கொள்ளச் சொன்னார் ஸ்டூடியோக்காரர். மைல் தொடங்குமுன் அப்பா என்னிடம், "நான் வாயத் தொறக்க மாட்டேன், நீ பாட்டுக்குப் போ" என்றார்.

முதல் சுற்றில் வளைவுக்கு வந்தபோது கடைக்கண்ணால் பார்த்தேன். அப்பா தன் துண்டின் முனையைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதை அப்படிக் காப்பாற்றினார். பெட்டி வயிற்றில் அழுந்தியிருந்தது. கால் இரண்டும் ஊன்றியிருக்க, இடுப்புக்கு மேலே மட்டும் என்னோடு திரும்பியது, தேர் திரும்புகிற மாதிரி மெதுவாக, ஆடாமல். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் எனக்கு முன்னால் ஐந்து பேர். மூன்றாவதில் நாலு. கடைசிச் சுற்றில் வளைவுக்கு வருமுன் இன்னும் இரண்டு பேரைப் பிடித்தேன். அங்கே நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தால் போதும் என்றிருந்தது. டக்கென்ற சத்தம் கேட்டதா இல்லையா, நினைவில்லை. மூன்றாவதாக வந்தேன்.

ஸ்டூடியோக்காரர் எங்கள் மூன்று பேரையும் வழக்கம்போலக் கோட்டில் நிறுத்தினார். என் முறை வந்தபோது, "உனக்கு நிக்கிறதப் பத்திச் சொல்லித்தர வேண்டியதில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும். சுருளைத் தானே கழுவித் தருவதாகச் சொல்லி வெளியே எடுத்துக்கொண்டார். பெட்டி மட்டும் துண்டுக்குள் பத்திரமாகச் சாயங்காலமே மண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு வீட்டில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "விழுந்துச்சா?" படம் விழுந்ததா என்று.

"கழுவுனாத்தான் தெரியும்" என்றார் அப்பா. நான் முதல் பந்தயத்தில் நின்ற கதையை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அப்பா உறையோடு வந்தார். மைலில் எடுத்த மூன்றில் ஒன்றில் வெறும் கயிறும் யாரோ ஒருவருடைய குடையும் இருந்தன. இன்னொன்றில் எனக்குத் தலை இல்லை. மூன்றாவதை அவர் அம்மாவின் கையில் கொடுத்தார். உள்ளங்கை அளவுப் படம். கயிறு, ஆட்கள், பின்னால் இருந்த மரங்கள் எல்லாம் நீள நீளக் கோடாகக் கலைந்து கிடந்தன. கையும் காலும் லேசாக மங்கியிருந்தன. நடுவில் என் முகமும் மார்பும் மட்டும் தெளிவாக இருந்தன. கழுத்து நரம்புகூடத் தெரிந்தது.

அம்மா அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தாள்.

"காலு தரையிலயே இல்லையே" என்றாள்.

"ஓடும்போது அப்படித்தாம்மா."

"ரெண்டு காலும் இல்லடா." அவள் விரலால் என் காலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியைத் தொட்டாள். "இப்படியா போவ நீ?" பிறகு படத்தைத் தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது கொட்டாவி விட்டது.

உறையில் இன்னொரு படம் இருந்தது. பந்தயப் பாதையின் நடுவில் நான் விறைத்து நிற்கிறேன், இரண்டு பக்கமும் பையன்கள் புகை மாதிரி போகிறார்கள். அதை அப்பா யாரிடமும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெட்கப்பட்டுக் கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, பரீட்சைக் கட்டணப் படிவத்தில் அவர் கைநாட்டு வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். மண்டி வாசலில் நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். படம் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

"பந்தயத்துல ரெண்டாவதா வர்றான்யா. நான் நில்லுன்னேன். நின்னுட்டான்."

"ஓடுறவன நிறுத்திப்புட்டு அதுல பெருமை வேற" என்றார் முதலாளி.

"ஓடுற படம் வீட்டுல இருக்கு மொதலாளி. அது அவளோடது." அப்பா படத்தை வாங்கித் துண்டால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். நடுவில் ஒரு மாட்டு வண்டி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை. நான் நின்றேன். வண்டி போனதும், "இப்ப வா" என்றார்.