நெடுமங்காட்டுப் பலாவில் மரப்பேன் பார்க்கப் போனது

ஓணம் விடுமுறையில் நெடுமங்காட்டு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, கிணற்றடிப் பலாவின் அடிமரம் முழுவதும் பட்டுத்துணி சுற்றியதுபோல் ஒரு வலை பளபளத்தது. அதற்குள் எள்ளைவிடச் சிறிய பூச்சிகள் மாட்டு மந்தைபோல் கூட்டமாக மேய்ந்தன. நன்றாகப் பார்ப்பதற்குள் அப்பா ஊருக்குக் கிளப்பிவிட்டார்.

அவை மரப்பேன்கள் என்று பிறகு டீச்சர் சொன்னார். பட்டையில் படியும் பாசியையும் பூஞ்சையையும் தின்னுமாம்; மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லையாம். (பேன் என்று பெயரே தவிர, யார் தலையிலும் ஏறாது!) மழைக்காலம் போனால் வலையும் போய்விடும் என்றார். அவரிடமே பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு, நவராத்திரி விடுமுறையில் அப்பாவுடன் புறப்பட்டேன்.

எங்கள் வீடு இருக்கும் வலியசாலையிலிருந்து கோட்டை வரை நடை. அங்கே காலை ஏழரை மணிக்கு பஸ். பதினோரு மைல், டிக்கெட் ஆளுக்கு ஆறு சக்கரக் காசு. பேரூர்க்கடை தாண்டினால் வளைவுகள் அதிகம். வயிறு புரட்டுகிறவர்கள் முன்னால் உட்காருவது நல்லது.

கையில் கண்ணாடி எதற்கென்று கண்டக்டர் கேட்டார். சொன்னேன்.

"பூச்சி காணவா நெடுமங்காடு வரை போறே, குட்டி? இந்த ஸீட்டிலே மூட்டைப்பூச்சி தாராளமா உண்டு. அதுக்குத் தனி சார்ஜ் இல்லை."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அத்தை வீட்டில் நேரே கிணற்றடிக்கு ஓடினேன். பலாமரம் வேரிலிருந்து ஆள் உயரத்துக்குமேல் வெள்ளைவெளேரென்று நின்றது. சுண்ணாம்பு.

"பார்த்தியாடி கொழந்தே!" என்று அத்தை பின்னாலேயே வந்தாள். "வீட்டுக்கு வெள்ளையடிச்ச கையோட, மரத்தையும் தேய்ச்சு அலம்பி அடிக்கச் சொன்னேன். எல்லாம் உனக்காக்கும்."

"எனக்கா?"

"எந்நேரமும் அந்தப் பூச்சிப் பேச்சுதான்னு உங்கப்பா சொல்லி அனுப்பினானே. கொழந்தை பயந்துபோயிருக்கான்னு நினைச்சேன்."

"அதைப் பார்க்கத்தானே வந்தேன், அத்தை."

அத்தையின் முகம் வாடிவிட்டது. "ஏண்டா, பூச்சி வேணும்னு சொல்லப்படாதோ?" என்று அப்பாவிடம் திரும்பினாள். அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்பு எட்டாத கவட்டையில் ஒரு கிழிந்த வலைத்துண்டு காற்றில் ஆடியது. ஏணி வைத்து ஏறிக் கண்ணாடியால் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை, "ஒண்ணாவது இருக்கோடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று சொல்லவே கஷ்டமாக இருந்தது.

மரப்பேன் பார்க்கப் போகிறவர்கள் மழை ஓயுமுன் போகவேண்டும். சொரசொரப்பான பட்டையுள்ள பழைய மரமாகப் பாருங்கள். குடை அவசியம். முக்கியமாக, அந்த வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள்மேல் பிரியம் உள்ளவர்களானால் கட்டாயம் சொல்லாதீர்கள்.