ஒரு ஜன்னலில் மூன்று மாப்பிள்ளை

குமாரசிங்கத்துக்குத் தன்னைத் தவிர உலகத்தில் ஒருவரையும் பிடிக்காது. பாதி நாள் தன்னையே பிடிக்காதோ என்று மகள் வதனிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அதை உணர்ந்துகொள்ளும் அளவுக்கு அந்த மனிதருக்கு அறிவு கிடையாது.

வட்டுக்கோட்டையிலிருந்து இளந்தாரியாகப் பதுளைக்கு எழுதுவினைஞர் உத்தியோகத்துக்கு வந்தவர், எழுதுவினைஞராகவே ஓய்வு பெற்றார். இடையில் அவர் செய்த சேவை என்னவென்றால், மேலதிகாரி வரும்போது எழும்பி நின்றது. தேயிலைத் தோட்டத்துச் சனம் ஒரு கையெழுத்துக்காக வந்து நின்றால் "நாளைக்கு வா" என்று விரட்டியது. லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் இருக்கிற அந்தச் சனத்தைப் பற்றி ஒரு கெட்ட சொல் வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற சொந்த மகளுக்கு முன்னாலேயே அதைக் கூசாமல் சொல்வார். பிரியாவிடைக்குப் போட்ட மாலையை அது சருகாகி உதிரும்வரை முன் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

வதனி தெமோதரைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. முப்பது தாண்டிவிட்டது. தாய் சத்தியபாமா காலமான பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பென்சன் எடுத்த மனிதருக்குப் பொழுது போக வேண்டுமே, மகளின் கலியாணத்தைக் கையில் எடுத்தார். உள்ளூரில் எவனும் தன் மகளுக்குத் தகுதியில்லை என்று முடிவு கட்டி, ஊர்ச் சொந்தங்களைப் பிடித்து வெளிநாட்டில் மூன்று பேரைத் தேடிப்பிடித்தார். ரொறன்ரோவில் கிஷாந்தன், கணக்காளர் என்று கேள்வி. லண்டனில் சதீசன். நோர்வேயில் ஒருவன், அவன் பெயரை வதனி மனதில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மூன்று பேரும் கணினியில் கதைத்தார்கள். அதுவும் ஆளுக்கொரு அரட்டைப் புரோகிராம்: கனடாக்காரன் எம்.எஸ்.என்., லண்டன்காரன் யாகூ, நோர்வேக்காரன் ஐ.சி.க்யூ. ஒன்றைத் திறந்தால் மற்றது தெரியாது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில் பதுளையில் இன்ரர்நெற் என்றால் தொலைபேசி வயரால் கீச்சிட்டுக்கொண்டு வருகிற ஒன்று. மழை பெய்தால் அதுவும் போய்விடும். வதனி பக்கத்தில் இருந்து தட்டுவாள், இவர் நின்றுகொண்டு சொல்வார்.

"எழுது பிள்ளை. தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றது. தங்கள் சாதகப் பிரதி பரிசீலனையில் உள்ளது."

"அப்பா, இது கடிதமில்லை. அந்தப் பெடியன் 'சாப்பிட்டீங்களோ' எண்டு கேட்டிருக்கிறான்."

"அதுக்கும் ஒரு முறை இருக்கு. சொன்னதை எழுது."

அவள் சொன்னதை அவருக்குப் பிடித்த ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாள். ஆனால் பின்னேரம் அவர் காலாற நடக்கப் போனதும், சொல்லாததையும் எழுதத் தொடங்கினாள். சதீசனுக்குத்தான். அவன் முதல் நாளே, தான் கார்களுக்கு எண்ணெய் அடிக்கிற பெற்றோல் செற்றில் இரவு வேலை செய்வதாகவும், படித்துக்கொண்டிருந்த படிப்பைப் பாதியில் விட்டவன் என்றும் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். படம் அனுப்பச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்கவில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி என்று கேட்டான். அடுத்த கிழமை அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி விசாரித்தான். பெரிய எழுத்தில் ஆங்கிலம் வந்தால் தகப்பன், சின்ன ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பேச்சு வந்தால் மகள் என்று அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். மார்கழியில் தாயையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு வருவதாகச் சொன்னான். வதனிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவனைத்தான், இல்லையென்றால் ஒருவரும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள். மார்கழிவரை தகப்பனுக்கு ஒன்றும் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தாள். முன்கூட்டிச் சொன்னால் கெடுத்துவிடுவார். கெடுக்கிறதில் அவருக்கு நல்ல அனுபவம்.

குமாரசிங்கத்துக்கு மகளை நம்பித் தட்டுவிப்பதும் பிடிக்கவில்லை. "கனடா எங்கை? நோர்வேயை ஏன் மூடினனீ?" என்று தினமும் சத்தம். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணினி திருத்துகிற ஜொனியைக் கூப்பிட்டார். ஜொனி தெமோதரைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற றோசாலியின் மகன். ஆளும் லேசுப்பட்டவன் இல்லை. கழுத்தில் சங்கிலி, வாயில் சூயிங்கம், பதுளையில் தனக்குத் தெரியாத கணினியே இல்லை என்கிற பேச்சு. அவனுக்குக் குசினிக்குள் இருந்த முக்காலியைக் கொண்டுவந்து போட்டார் குமாரசிங்கம். நல்ல கதிரையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த வதனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இங்க பாருங்க சார்," என்றான் ஜொனி. "இனிமே ஒவ்வொண்ணாத் தொறக்கத் தேவையில்ல. இந்த ஒரு புரோகிராம் போதும். எல்லாப் பேரையும் பாஸ்வேர்டையும் ஒருக்கா இதுல போட்டுட்டா, இதுவே போயி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துரும்."

"கதையை விட்டிட்டு வேலையைப் பார்."

ஜொனி வேலையைப் பார்த்தான். ஒவ்வொரு கணக்காகச் சேர்த்தான். வதனி பாஸ்வேர்டுகளைத் தட்டிக் கொடுத்தாள். வயர் கீச்சிட்டது, கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு திரையில் ஒரே ஜன்னலில் மூன்று மாப்பிள்ளைமாரும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக வந்து நின்றார்கள். அதைப் பார்த்ததும் குமாரசிங்கத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. தனக்குக் கீழே மூன்று பேர் இருப்பது அவருடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் ஒன்றுக்குப் போக எழும்பிய நேரத்தில் ஜொனி வதனிக்கு மிச்சத்தைக் காட்டினான். "டீச்சர், இந்தா சாரு பேருக்குக் கீழ ஒரு வரி வெறுமனே கெடக்குல்ல? இதுல எதையாச்சும் எழுதினா அது எல்லாருக்கும் தெரியும். முந்தி ஒண்ணுல போட்டா அதுல மட்டுந்தான். இப்ப மூணுலயும் போயிரும். சாருக்கிட்ட சொல்லிருங்க, என்ன? நான் சொன்னா எங்க கேக்கப் போறாரு!"

"சொல்லுறன்," என்றாள் வதனி.

ஜொனி போனதும் அவன் தொட்ட மவுசை ஈரத்துணியால் துடைத்தார் குமாரசிங்கம். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வதனி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சீ, இந்த மனிசனுக்கு ஆர் என்னத்தைச் சொல்லுறது!

அதன்பிறகு அவரே ஒற்றை விரலால் தட்டப் பழகினார். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்த வெறும் வரி அவருடைய கண்ணில் பட்டது. இன்னொருவராக இருந்தால் 'வணக்கம்' என்று எழுதியிருப்பார், ஒரு பூப்படம் போட்டிருப்பார். இவர் ஆயுள் முழுக்கக் கந்தோர்ப் பைலுக்குள் கிடந்தவர். ஒவ்வொரு பைலிலும் இடது பக்கத்தில் ஒரு குறிப்புத் தாள் இருக்கும். மனுப்போட்டவனைப் பற்றி மனதில் பட்டதையெல்லாம் எழுத்தர்கள் அதில்தான் எழுதி மேலே அனுப்புவார்கள். வெளியாள் அதை ஒருநாளும் காணமாட்டான். தன் பெயருக்கு நேர் கீழே ஒரு வெற்று வரியைக் கண்டதும், இது தனக்கான குறிப்பு இடம்தான் என்று குமாரசிங்கத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எழுதினார்: 'கனடா: கணக்காளர் என்கிறார், உறுதிப்படுத்த வேண்டும். தலைமயிர் குறைவு. சாதகம் பொருத்தம். முன்னுரிமை.'

பின்னேரம் அதை வாசித்த வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். அழிக்கலாம் என்றால் ஒரு நொடி வேலை. அவள் அழிக்கவில்லை. கிடக்கட்டும். கனடாக்காரன் வாசிக்கட்டும், வாசித்துவிட்டுக் காறித் துப்பட்டும். தகப்பனின் மானமும் போகும், கனடாவும் தொலையும். ஒரு வேலையும் செய்யாமல் இரண்டு காரியம்.

அன்றைக்கே சதீசன் கேட்டான். "உங்கட அப்பாவின்ர பேருக்குக் கீழ என்ன கிடக்குது எண்டு பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான். வேணுமெண்டுதான் விட்டிருக்கிறன். எல்லாரும் பார்க்கட்டும்."

"பாவம் அந்தாள். மொட்டையாம்!"

இரண்டு பேரும் சேர்ந்து நன்றாகச் சிரித்தார்கள். தகப்பன் நடத்துகிற கூத்தை அவள் அவனுக்கு முழுதாகச் சொன்னாள். கனடா, நோர்வே, பரிசீலனை, எல்லாம். மனம் விட்டு அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோசமாக இருந்தாள்.

அடுத்த கிழமை தவணைப் பரீட்சைத் தாள் திருத்துவதற்காக வதனி பண்டாரவளைக்குப் போனாள். கூடப் படிப்பிக்கிற ஆசிரியை ஒருத்தியின் வீட்டில் தங்கினாள். அங்கே கணினி இல்லை. சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தபோது குமாரசிங்கம் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திப்போட்டன்," என்றார். "உன்ர உதவி இனித் தேவையில்லை. கனடாவோட நானே நேர கதைச்சனான்."

அவர் நடக்கப் போகும்வரை வதனி பொறுத்திருந்தாள். போனதும் உட்கார்ந்தாள். சதீசன் இருந்தான், அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"வந்திட்டன். தாள் திருத்தித் திருத்தி விரல் நோகுது. எப்படி இருக்கிறியள்?"

சதீசன் எழுதினான்.

"நான் பெற்றோல் செற்றில நிக்கிறனெண்டு உங்களுக்கு நான்தானே சொன்னனான்."

"ஓம். ஏன் இப்ப அது?"

"மேல பாருங்கோ."

வதனி மேலே பார்த்தாள். தகப்பனின் பெயருக்குக் கீழே, பெரிய எழுத்தில்: 'லண்டன்: பெற்றோல் செற் கூலி. பட்டம் இல்லை. தாய் விதவை, பாரமாக வரலாம். கனடா முடிவு தெரியும்வரை நிலுவையில் வைக்கவும்.'

முதலில் அதை அழித்தாள். பிறகு தட்டினாள். "ஐயோ, நான் காணேல்லை. சத்தியமாக் காணேல்லை. நான் இங்க இருக்கேல்லை, பண்டாரவளையில நிண்டனான்."

"அஞ்சு நாளாக் கிடந்தது. முதல் நாள் பார்த்திட்டு, நீங்கள் அழிப்பியள் எண்டு இருந்தன். இரண்டாம் நாளும் இருந்தன். பிறகுதான் ஞாபகம் வந்தது, வேணுமெண்டு விட்டிருக்கிறன் எண்டு நீங்களே சொன்னது."

"அது கனடாக்காரனுக்கு!"

"ஓம். அவனைப் பற்றியெண்டபடியால் நானும் சிரிச்சன்."

மன்னிக்கச் சொல்லி எழுதினாள். இன்னொரு தரமும் எழுதினாள். தகப்பனைத் திட்டி எழுதினாள், ஜொனி சொன்னதைத் தகப்பனிடம் சொல்லாமல் விட்டதையும் எழுதினாள். மார்கழியில் வாருங்கோ, நேரில் எல்லாம் சொல்கிறேன் என்று கெஞ்சி எழுதினாள். ஆரிடமும் அப்படிக் கெஞ்சியவள் இல்லை.

"நான் உங்களை நம்பிறன்," என்று அவன் எழுதினான். "ஆனா அந்த முதல் நாள், நான் அதைக் காண முந்தியே அம்மாவைக் கொண்டுவந்து இருத்தி, இதுதான் வதனி வீட்டுக் கணக்கு எண்டு காட்டினனான். அவவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும். இனி நான் அவவை எப்படி உங்கட வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வாறது?"

பச்சை விளக்கு அணைந்தது. வதனி இருந்து பார்த்தாள். மழை வரவில்லை, வயரும் அறுந்துவிடவில்லை. மற்ற இரண்டு பேரும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தார்கள்.

குமாரசிங்கம் வந்தபோது அவள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அப்பா, அந்த வரியில எழுதினது எல்லாருக்கும் தெரியும்."

"எந்த வரி?"

"நீங்கள் குறிப்பு எழுதின வரி. மூண்டு பேருக்கும் தெரியும். சதீசன் வாசிச்சவர். அவற்ற அம்மாவும் வாசிச்சவா. பாரமாம், விதவையாம்! நான் அவரைத்தான் கட்ட இருந்தனான், தெரியுமோ? அவரைத்தான்!"

சொல்லிவிட்டாள். இத்தனை மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, ஒரு பிரயோசனமும் இல்லாமல்போன பிறகு சொல்லிவிட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, அவள் துடைக்கவும் இல்லை.

குமாரசிங்கத்தின் முகம் வெளிறியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதருக்கும் ஏதோ உறைத்துவிட்டது, பெற்றவர் அல்லவா என்று வதனி ஒரு கணம் நம்பினாள். அவர் ஜன்னலில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகளையே பார்த்தார்.

"அப்ப," என்றார் மெல்ல, "கனடாவும் வாசிச்சிருக்குமோ?"