அத்தை காணாமல் போன நாள்

கல்யாண மண்டபத்தில் ஒரு குவியல் பைகள் தெரிந்தால், அதற்குப் பின்னால் எங்கள் அத்தை இருப்பார். கைப்பைகள், பால்புட்டி, யாரோ ஒருவருடைய குழந்தை, எல்லாம் அவர் மடியில்தான். அத்தை அப்பாவின் தங்கை. சிறுவயதில் போலியோ வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். "அத்தகிட்ட வச்சிட்டு வா, அது எங்க போவப் போவுது" என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. கெட்ட எண்ணத்தில் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அத்தை இருந்த சிதம்பரம் வீட்டில் அறைக்கு அறை வாசற்படி. ஒவ்வொன்றிலும் நாற்காலி நின்றுவிடும், யாராவது தூக்கிவிட வேண்டும். பத்திரிகையில் வரும் ஓவியங்களை வெட்டி நோட்டில் ஒட்டுவது அவருக்குப் பைத்தியம். சுனாமி வந்து நாலைந்து வருடம் இருக்கும். பாண்டிச்சேரியில் கடற்கரைப் பக்கம் ஒரு ஓவியக் காட்சியகத்தில் சக்கர நாற்காலி எல்லா இடத்துக்கும் போகும் என்று எங்கோ படித்துவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு எடத்தயாவது யாரும் தூக்காம நானே சுத்திப் பாக்கணும்ண்ணா."

கடலூரிலிருந்து வேனில் சிதம்பரம் போய் அவரை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே வடக்கே திரும்பினோம்.

காட்சியகத்து வாசலில் படிக்குப் பக்கத்திலேயே சரிவுப்பாதை இருந்தது. அப்பா பழக்கதோஷத்தில் தூக்கக் குனிந்தார். "கைய எடு" என்று சொல்லிவிட்டு, அத்தை தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினார். எங்களுக்கு முதல் கூடத்திலேயே ஓவியம் போதும் போதும் என்றாகிவிட்டது. வழக்கம்போல் பைகளையெல்லாம் அவர் மடியில் குவித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் பைகள் பெஞ்சில் இருந்தன, அத்தை இல்லை.

நாற்பது வருடத்தில் ஒருநாளும் அப்பா தங்கையைத் தேடியதில்லை, எப்படித் தேடுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. கழிவறைப் பக்கம் நின்று கூப்பிட்டார். தெருவுக்கு ஓடினார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது காவலாளிதான் சொன்னார்: "வீல்சேர் அம்மாவா? லிஃப்ட்ல மாடிக்குப் போனாங்க சார். தனியாத்தான்."

மாடியில் கடைசி அறையில், சுவர் நிறைய நீலமாக ஒரு படம். அதன் முன்னால் அத்தை பின்னுக்குப் போவதும், தலையைச் சாய்த்துப் பார்ப்பதும், மறுபடி கிட்டே வருவதுமாக இருந்தார்.

"எங்கெல்லாம்டி தேடறது உன்ன?" அப்பா மூச்சிரைக்கக் கேட்டார்.

அத்தை நாற்காலியைத் திருப்பினார். "என்னியா தேடுன?"

"பின்ன?"

"தெருவுக்கெல்லாம் போனியா?"

"பீச்சு வரைக்கும் ஓடுனேன்."

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, "நான் காணாம போயிட்டேன், பாத்தியா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம், தேடிய கதையை அப்பா வாயால் மறுபடி மறுபடி சொல்லவைத்துக் கேட்டார். அப்பாவும் சளைக்காமல் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடினார்.