உமரி பிடுங்கிய சந்தியோகு

எங்கள் பக்கத்துக் காணியில் சந்தியோகு என்று ஒரு பெரிய விவசாயி இருக்கிறார். மன்னார்த் தாழ்வுபாட்டுக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். வலையைத் தொட்டால் கெட்டிக்காரன்தான். மண்வெட்டியைத் தொட்டதிலிருந்துதான் மனுசனைச் சனியன் பிடித்தது.

எல்லாம் லூசியாவால். அவள் நானாட்டான் வயற்காரர் சூசைதாசனின் மகள். பெண் கேட்கப் போன இடத்தில், தனக்குத் தோட்டக்காணி இருக்கிறது என்று சந்தியோகு அளந்துவிட்டார். அவள் வாழ வந்து பார்த்தால் உவர் வெளி! வெயிலுக்கு உப்புப் பூத்துக் கிடந்தது. தென்னை வைத்தார், செத்தது. மா வைத்தார், செத்தது. முருங்கைத் தடி நட்டார். அது அடுப்புக்காவது உதவியது.

அந்த மண்ணில் தானாக முளைப்பது உமரி ஒன்றுதான். மழை பொய்த்தாலும், உப்பு ஏறினாலும், குட்டிக் குட்டியாய்த் தடித்த இலைகளோடு படர்ந்து கிடக்கும். அதை மட்டும் சந்தியோகு முன்முற்றத்தில் விடமாட்டார், பிடுங்கிவிடுவார். முற்றம் துப்புரவாக இருக்க வேண்டுமாம். அதோடு, சண்டைக்குள் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் தின்று அலுத்த கீரையாம், அதன் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாதாம்.

லூசியா பேர் எடுக்கவில்லை. பின்வேலியோரத்தில் குருத்தாகக் கிள்ளி, இரண்டு தரம் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, உப்புப் போடாமல், தேங்காய்ப்பூவும் சின்ன இறாலும் சேர்த்து வறுப்பாள். சொல்லிக்கொடுத்தவள் நான்தான். கேட்டால் சந்தைக் கீரை என்பாள். "சந்தைக் கீரையெண்டால் சந்தைக் கீரைதான்!" என்று விவசாயி சட்டியை வழித்துத் தின்பார். அப்படியொரு நாக்கு!

போன மாதம் சூசைதாசன் வந்து வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"என்ரை பிள்ளை இந்த உப்புக்கை கிடந்து சாக வேண்டாம். கோயில் பெருநாள் முடிய வருவன். ஒண்டும் விளையேல்லை எண்டால் கூட்டிக்கொண்டு போறன்."

அன்று சந்தியோகு என்னிடம் வந்து கண் கலங்கினார். "றஞ்சிதா அக்கா, லூசியா போனால் நான் உயிரோடை இருக்கமாட்டன்." எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இந்த ஆளுக்கு அவள் மேல் அவ்வளவு உயிர்.

பெருநாள் முடிந்து, மாமனார் வருகிற அன்று காலையில் வேலியால் எட்டிப் பார்த்தேன். மாதாவே! காணியில் குலையோடு வாழைகள் நிற்கின்றன. முதல் நாள் கோயிலில் நடந்த கலியாணத்துக்கு வாசலில் கட்டியவை. வெட்டிய அடியை மண்ணுக்குள் புதைத்து, தண்ணீர் வேறு ஊற்றியிருந்தார். பின்வேலிவரை ஒரு புல் பூண்டு இல்லை.

"துப்புரவு எப்பிடி அக்கா?" என்று கேட்டார். நான் வேலிக்கு வெளியே குவிந்து கிடந்த உமரியைப் பார்த்தேன்.

சூசைதாசன் வந்து வாய் பிளந்தார். "அட, உவருக்கை வாழையோ!" சந்தியோகுவுக்கு நெஞ்சு அரை அடி நிமிர்ந்தது. எல்லோரும் சாப்பிட இருந்தோம். முதல் நாள் பின்னேரமே லூசியா கிள்ளி வைத்திருந்த உமரிதான் வறை.

"பிள்ளை, இதென்ன கீரை? எங்கடை பக்கத்திலை இந்த ருசி இல்லை" என்றார் சூசைதாசன்.

அவள் வாய் திறக்கமுன் வெளியே தொபீர் என்று சத்தம். கழுதைகள்! மன்னாரில் தெருவெல்லாம் திரிகிற அதுகளை எந்த வேலிப் படலை மறிக்கும்? ஒன்று வாழையிலையைக் கடித்து இழுக்க, மரம் குலையோடு விழுந்து கிடந்தது. கத்தி வெட்டிய அடி எல்லோருக்கும் தெரிந்தது.

சூசைதாசன் எழும்பிக் கை கழுவினார். "லூசியா, உடுப்பை எடு."

சந்தியோகு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லூசியா அசையவில்லை.

"நான் வரேல்லை அப்பா. நீங்கள் கேட்ட கீரை இந்தக் காணியிலைதான் விளைஞ்சது. இவ்வளவு நாளும் அதைத்தான் திண்டு இருக்கிறம்."

சூசைதாசன் சட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். திரும்ப வந்து இருந்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

சந்தியோகுவுக்குத்தான் விளங்கவில்லை. "எந்தக் கீரை?"

"விடியக் காலமை வேலிக்கு வெளியாலை அள்ளி எறிஞ்சியளே, அது."

மனுசன் ஓடினார். வெயிலில் வாடிக்கிடந்த உமரியை நெஞ்சோடு அள்ளிவந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக நட்டார். நட்டு முடித்ததும் வாளியைத் தூக்கினார்.

லூசியா வாசலில் வந்து நின்றாள். "தண்ணி ஊத்தி அதையும் சாக்காட்டாதேங்கோ. நீங்கள் பேசாமல் கடலுக்குப் போங்கோ, அது தன்ரைபாட்டிலை முளைக்கும்."