ஷேடு மாமாவும் அறுநூற்று நாற்பது கிலோமீட்டரும்

அறுநூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊரில் இன்று மழை வருமா, வராதா என்று பல் துலக்கிக்கொண்டே விசாரிப்பார் மாமா. அக்கா கைபேசியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே நம் தெருவில் மழை கொட்டி, கொடியில் கிடக்கும் துணியெல்லாம் நனைந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. அங்கே மேகமூட்டம் என்று சொல்லிவிட்டால் போதும், வாயிலிருக்கும் நுரையைத் துப்பிவிட்டு, “அப்பத் தேறாது” என்பார். வெயில் என்றால், “ம்... பாப்போம்.” அந்த ஊரில் கார்க் கண்காட்சி நடப்பதோ வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் அங்கே மழை பெய்தால் உங்களுக்கென்ன, வெயிலடித்தால் உங்களுக்கென்ன என்று கேட்டிருக்கிறேன். “உனக்கு அதெல்லாம் புரியாது மாப்ளே” என்பார். பதினோரு வருஷமாக எனக்குப் புரியவில்லைதான்.

அவர் என் அக்காவின் கணவர். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எங்கள் தெரு முழுக்கப் பட்டறைகள். அத்தனை பட்டறைக்கும் அவர் ஷேடு மாமா. அடி வாங்கி ஒடுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கருக்கு அவரைவிட இரண்டு வயது கூட. அவரும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார். நான் இரண்டு கொட்டகை தள்ளி, கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். எனக்கு மட்டும் அவர் உண்மையிலேயே மாமா என்பதால் திட்டும் எனக்குத்தான் அதிகம்.

ஷேடு என்றால் நிறத்துக்குள் இருக்கும் நிறம். சிவப்பு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “எந்தச் செவப்பு? காலைல பாத்த செவப்பா, சாயங்காலம் பாத்த செவப்பா?” என்று கேட்பார். வந்தவர் விழிப்பார். நான் தைப்பதற்கு நூல் எடுப்பதுகூட அவரைக் கேட்டுத்தான். உறையை ஒரு கையிலும் நூல்கண்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் போனவன் போல அவர் முன்னால் நிற்பேன்.

ஒரு டப்பா, ஒரு குச்சி, இரண்டு கண். அவருடைய தளவாடம் இவ்வளவுதான். நீலத்தில் இவ்வளவு, கறுப்பில் இரண்டு சொட்டு, குச்சியால் கலக்கி, தகரத் துண்டில் தடவி, வெயிலுக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். “இன்னும் அரச் சொட்டு” என்று முணுமுணுப்பார். அரைச் சொட்டை எப்படி விடுவார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதையும் எழுதி வைக்கிற வழக்கமே கிடையாது. எண்ணைத் தட்டினால் நிறம் கொட்டும் எந்திரம் பெயின்ட் கடைக்கு வந்த பிறகும், “மெஷினுக்குக் கண்ணு எங்க இருக்கு, காட்டு” என்று கடைக்காரரை வம்புக்கு இழுப்பார். முகமூடி போடுங்கள் என்றால், மூச்சு முட்டுமாம். முப்பது வருஷமாகப் பெயின்ட் கரைக்கிற தின்னர் புகையில் முட்டாத மூச்சு, ஒரு முழம் துணியில் முட்டுமாம்.

இந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு கார். எடைக்குப் போக இருந்த பழைய வண்டி. இழுத்துக்கொண்டு வந்த அன்று அதற்குத் தரையே பாதி இல்லை. கூரையை அறுத்து நாலு விரற்கடை இறக்கினார். கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கிவிட்டு அடியில் ஒரு பொத்தான் வைத்தார். விவரம் தெரியாதவர்கள் கதவைத் திறக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்ப்பதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம். சீட்டு என் வேலை. மூன்று முறை பிரித்துத் தைக்க வைத்தார். மூன்றாவது முறை நான் ஊசியை அவர் மேல் எறியாமல் இருந்தது அக்கா முகத்துக்காக. நிறம், மயில்கழுத்து. நீலம் என்று நினைத்து ஓரடி நகர்ந்தால் பச்சை. பச்சை என்று சொல்ல வாயெடுத்தால் மறுபடியும் நீலம். ஒன்பது கோட் பூச்சு. மனிதரிடம் ஆயிரம் குறை சொல்வேன், அந்த நிறத்தை ஒரு குறை சொல்ல மாட்டேன்.

கட்டி முடிக்க ஏழு வருஷம். அதைக் கண்காட்சிக்கு ஓட்டிப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கப் பதினோரு வருஷம். இப்படித் தங்கள் கையால் காரை மாற்றிக் கட்டியவர்கள் எல்லாம் ஒரு மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தொழில் தெரிந்தவர்கள் குனிந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போவது காருக்கு அவமானம், ஓட்டித்தான் போக வேண்டும் என்பது மாமாவின் கட்சி. பன்னிரண்டு மணி நேரம் ஆகும். “அவ்ளோ தூரம் போறதுக்கு அது பெறுமா?” என்று கேட்டுக் கேட்டே ஒவ்வொரு வருஷமும் தேதி தாண்டிவிடும். ஒரு வருஷம் டிக்கி மூடியில் நூலளவு இடைவெளி. ஒரு வருஷம் இன்ஜின் சூடு. ஒரு வருஷம், இன்னொரு கோட் போகட்டும். ஒரு வருஷம் பையெல்லாம் கட்டி, அக்கா பொட்டலம் கட்டிக் கொடுத்து, முதல் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பி வந்தோம். முன்னால் ஜல்லி லாரி போகிறதாம், கல் தெறிக்குமாம். பொட்டலத்தை வீட்டு வாசலிலேயே பிரித்துச் சாப்பிட்டோம்.

நான் விட மாட்டேன். போங்கள், போங்கள் என்று அவர் உயிரை வாங்குவேன். யாருக்குக் காட்டக் கட்டினீர்கள், கொட்டகை எலிக்கா என்று கேட்டேன் ஒருமுறை. கோபப்படுவார் என்று பார்த்தால், குரல் இறங்கிவிட்டது. “கப்பு கிப்பெல்லாம் எவனுக்கு வேணும்? தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்துட்டு, ஷேடு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லணும்டா. அவ்ளோதான்.” அதற்குப் பிறகு எலிப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன், பழுதுக்கு வந்த ஒரு வேன், பிரேக் பிடிக்காமல் சரிந்து வந்து அந்தக் காரின் இடப்பக்கத்தில் இடித்தது. முன்கதவு உள்ளே போய்விட்டது. டிங்கர் இரண்டு நாள் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். மாமா கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு நிறம் கலந்தார், அடித்தார், காய வைத்தார், மெருகு போட்டார். பத்தாம் நாள் காரை வெயிலுக்கு எடுத்து எங்களைக் கூப்பிட்டார். “எங்க அடிச்சேன்னு கண்டுபுடி, பாப்போம்.”

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது. கார் முழுக்க மயில்கழுத்து, அந்தக் கதவு மட்டும் குளத்துப் பாசி. டிங்கர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். “ரெண்டும் ஒரு வயித்துல பொறந்த மாதிரி இருக்கு மாமா” என்றார் டிங்கர், முப்பது வருஷப் பழக்கத்துக்காக. நானும் சூப்பர் என்று சொல்லித் தொலைத்தேன். மாமா சிரித்தார். பெயின்ட் கடை எந்திரத்துக்கு மறுபடி ஒரு திட்டு விழுந்தது.

அதற்கப்புறம் யோசித்தால் எல்லாம் கோர்வையாக வருகிறது. இரண்டு வண்டிக்காரர்கள் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வேறு பட்டறைக்குப் போனது. எனக்கு எடுத்துக் கொடுத்த நீல நூல் ஊதாவாக இருந்ததும், விளையாடுகிறார் என்று நான் சிரித்ததும். சமையலறைச் சுவர் வெளுத்துப்போய்விட்டது என்று அவர் சொன்னதும், போன வருஷம் அடித்த சுவர் அதற்குள் எப்படி வெளுக்கும் என்று அக்கா சண்டை போட்டதும். படிக்கிற கண்ணாடிக்காக அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போன கதையை அக்கா இப்போதுதான் முழுதாகச் சொன்னாள். எழுத்தெல்லாம் கடகடவென்று படித்துவிட்டாராம். தொழிலைக் கேட்டதும் டாக்டர், இந்தப் புகை சில பேருக்கு நிறம் பார்க்கிற நரம்பைத் தின்றுவிடும், நிறத்துக்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடுவோம் என்றிருக்கிறார். “எனக்கா கலர் டெஸ்ட்டு?” என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாராம் மாமா. அக்கா சொல்லி முடித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போனது திரும்புமா என்று அவளே தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். திரும்பாதாம்.

விதியைப் பாருங்கள், பதினோரு வருஷம் இழுத்தடித்தவர் இந்த வருஷம்தான் போயே தீருவது என்று கிளம்பினார். கார் இதைவிட நன்றாக இருக்கப் போவதில்லையாம். கண்காட்சி விண்ணப்பத்தை நிரப்பி வைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அக்கா என் கொட்டகைக்கு வந்து, தையல் எந்திரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினாள். “ஊரு பேரு தெரியாதவன் மைக்குல சொல்லி அவரு கேக்கக் கூடாதுடா. ஒண்ணு நீ சொல்லிடு, இல்ல போக விடாம பண்ணிடு.” நீ சொல்லேன் என்றேன். “நான் சொன்னா நம்புவாரு. அதுக்கப்புறம் நான் அவரு மூஞ்சில தெனமும் முழிக்கணும்” என்றாள்.

சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. போக விடாமல் பண்ணுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மாமா கொட்டகைக்குள் காருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். பாதை முழுக்கக் குண்டும் குழியும் என்றேன். இப்போதெல்லாம் அந்தக் கண்காட்சிக்குத் தொழில் தெரிந்தவன் எவனும் வருவதில்லை, படம் பிடித்துப் போட்டுக்கொள்ளத்தான் கூட்டம் வருகிறது என்றேன். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் முதுகு என்னத்துக்கு ஆகும் என்றேன். வாயில் வந்ததையெல்லாம் அளந்தேன். அவர் கைத்துணியை மடித்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அப்படி அவர் பொறுமையாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

“பதினோரு வருஷமா போ போன்னு கழுத்தறுத்தவன் நீ. இப்ப ஏன்டா வேணாங்கற?”

நான் மெழுகு டப்பாவின் மூடியை எடுத்துத் திருகினேன்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்து, காரைத் தெருவுக்கு எடுத்து, நல்ல வெயிலில் நிறுத்திவிட்டு இறங்கி, இடப்பக்கம் போய் நின்றார். “கதவு அடிச்ச நாள்லேர்ந்து பாக்கறேன். டிங்கர் வந்தா அந்தப் பக்கம் நிக்கிறான். ஒங்கக்காவும் அந்தப் பக்கந்தான். இப்ப நீயும் அங்கயே நிக்கிற. இந்தப் பக்கம் என்ன, கடிக்குதா?”

நான் நின்ற இடத்தைப் பார்த்தேன். காரின் வலப்பக்கம்.

சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கத்துக்கு இழுத்துப் போனார். முன்சக்கரத்துக்கு மேல் என் உள்ளங்கையை வைத்தார். தகரம் சுட்டது. “தடவிக்கிட்டே போ. எங்க மாறுதோ அங்க நிறுத்து.”

நிறுத்தாமல் பின்விளக்கு வரை போய்விட்டிருக்கலாம். பாவி, அதைத்தான் செய்யப் பார்த்தேன். ஆனால் அவர் காரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கூட நடந்தார். கதவின் விளிம்புக்கு வந்ததும் என் கை தானாக நின்றுவிட்டது.

குனிந்து, மூக்கு தகரத்தில் படுகிற அளவுக்குக் கிட்டே போய், என் கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

“எத்தன சொட்டு இருக்கும்?”

“சொட்டுக் கணக்கு இல்ல மாமா.”

நிமிர்ந்தார். தெருவில் ஒரு சைக்கிள் போனது. அதற்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார். “அந்தப் பேப்பர அனுப்பாத” என்றார், சாதாரணமாக, கடையில் ஏதோ வாங்க வேண்டாம் என்பது போல. நான் தலையாட்டினேன்.

பிறகு என் கையை மெதுவாக எடுத்து விலக்கினார். விளிம்புக்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக என் வியர்வைக் கை பதிந்திருந்தது. சட்டை நுனியை இழுத்து, வாயால் ஊதி ஊதி, அந்தத் தடம் போகிறவரை இரண்டு நிறத்தையும் ஒன்றுபோலத் துடைத்தார்.